நான்காம் துளையின் கோடுகள்

பாலம் கட்டும் இடத்தில் அவரை எல்லோரும் ‘தொட்டாச்சு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது; அதை அங்கிருந்து யாரும் வெளியே எடுத்ததில்லை. அவர் ரிக் ஆபரேட்டர். பாலமோ கட்டடமோ எழுவதற்கு முன்னால், தரைக்கடியில் என்ன இருக்கிறதென்று துளை போட்டுப் பார்க்கிற வேலை. மண், மணல், கூழாங்கல் எல்லாவற்றையும் தாண்டிப் போய், துளைக்கும் முனை அடிப்பாறையில் முட்டும்போது இயந்திரத்தின் சத்தம் மாறும். மற்ற ஆபரேட்டர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள், வெளியே வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு, “தொட்டாச்சு!” என்று ஒரு சத்தம் போடுவார். அக்கரையில் மேயும் மாடு நிமிர்ந்து பார்க்கும்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தன் காது தவறியதில்லை என்பது அவருடைய பெருமை. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். தப்பே நடக்காததற்கும், நடந்த தப்பை யாரும் தேடாததற்கும் வித்தியாசம் உண்டு என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ரிக் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது.

ஆள் மோசமில்லை, அதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் இரும்புக் குழாய் தூக்கும் கூலியாக வந்தவர். இடது சுண்டுவிரலின் நுனியை ஒரு சங்கிலிக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆபரேட்டர் நாற்காலியில் ஏறினார். வேலை எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும் மனைவியும் அவளுடைய தையல் மெஷினும் கூடவே போகும். தகரக் கொட்டகையின் ஒரு பாதியில் அடுப்பும் கட்டிலும், மறுபாதியில் மெஷினும் துணி மூட்டையும். தொழிலாளிகளின் சட்டை, அலுவலக அறைக்குத் திரைச்சீலை, கிழிந்த கூடாரம் எல்லாம் அவள் கையில்தான் உருப்படும். புருஷனுடைய வீராப்பையும் அவள்தான் அவ்வப்போது அளவுக்கு வெட்டி வைப்பாள்.

இந்த ஆற்றுக்குக் குறுக்கே முன்பு ஒரு நடைபாலம் இருந்தது. இரண்டு மழைக்கு முன்னால் வந்த வெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அக்கரைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமென்றால் முப்பத்தெட்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அதனால் பாலத்துக்கு அவசரம். ஐந்து தூண்கள், தூணுக்கு ஒரு துளை. எந்தத் துளையிலும் பாறை தொட்ட பிறகு இன்னும் ஐந்து மீட்டர் உள்ளே போய், அது பாறைதான் என்று உறுதி செய்ய வேண்டும். அதுதான் விதி.

விதியைப் போட்டவர் நிலவியல் ஆய்வாளர், ஐம்பதைக் கடந்த ஒரு அம்மாள். கையில் கிடைக்கும் கல்லையெல்லாம் நாக்கில் வைத்து ஈரமாக்கி, அதிலுள்ள கோடுகளின் ஓட்டம் பார்ப்பார். இதைப் பார்த்தவர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘கல்லம்மா’ என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் தெரியும், கோபமில்லை.

தொட்டாச்சுவுக்கும் அவருக்கும் டீ வேளையில் நல்ல பேச்சு நடக்கும். ஒருநாள் தொட்டாச்சு சொன்னார்: “மேடம், ஒண்ணு கவனிச்சீங்களா? ரிக்குக்குத் தண்ணி எடுக்க ஏழு ஓடைக்கு ஹோஸ் போட்டிருக்கேன். ஏழும் மலையிலருந்து நேரா வருது. பாதி வழியில ஒரே மட்டத்துல இடது பக்கம் திரும்புது. நூறு அடி போயிட்டு மறுபடி நேரா இறங்குது. யாரோ நின்னு கை காட்டின மாதிரி.”

கல்லம்மா டீயைக் கீழே வைத்துவிட்டார். “இதை நீங்களாவா பார்த்தீங்க?”

“ஹோஸ் நாலு தடவை மடங்கிப்போச்சு. பார்க்காம என்ன பண்றது?”

அந்த மட்டத்தில் மலை இரண்டாக வெடித்திருக்கிறது என்று கல்லம்மா விளக்கினார். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிராக நகர்கின்றன. பூமி அதிரும் ஒவ்வொரு தடவையும் ஒரு முழமோ இரண்டு முழமோ. ஓடை பழைய வழியை விட மனமில்லாமல் வளைந்து போய்ச் சேர்ந்துகொள்கிறது. “பக்கவாட்டுல மட்டுமில்ல, மேலயும் ஏறுது. வருஷத்துக்கு ஒரு அரிசி கனம். மலை ஏற ஏற ஆறு கீழ அறுத்துக்கிட்டே இருக்கும். ரெண்டு பேருக்கும் ஓயாத மல்லுக்கட்டு.”

“யார் ஜெயிப்பாங்க?”

“மழை எந்தப் பக்கம் சேருதோ அவங்க.”

தொட்டாச்சு சிரித்தார். கொட்டகைக்குப் போய் மனைவியிடம், “மலை வளருதாம்டி, நம்ம வீட்டு வாடகை மாதிரி” என்றார். அதோடு அதை மறந்தும் போனார்.

நான்காம் துளை போடும்போது கல்லம்மா ஊரில் இல்லை. இன்னொரு பள்ளத்தாக்குக்கு மூன்று வாரம் போயிருந்தார். ஒன்பது மீட்டரில் சத்தம் மாறியது. சுத்தமான, கணீரென்ற சத்தம். அக்கரை மாடு நிமிர்ந்து பார்த்தது. பாறைக்குள் இரண்டு மீட்டர் போயிருப்பார், வைரம் பதித்த முனை தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது. புது முனை வர நான்கு நாள் ஆகும். பாலத்து இன்ஜினியர் தினமும் இரண்டு தடவை வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். தொட்டாச்சு யோசித்தார். பாறைதான் தொட்டாச்சே, காது சொல்லிவிட்டதே, இனி மூன்று மீட்டர் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?

துளைக்கும்போது குழாய்க்குள் மாட்டிக்கொண்டு உருளை உருளையாக வெளியே வரும் கல்லை, எடுத்த வரிசையிலேயே மரப்பெட்டியில் அடுக்கி வைப்பது வழக்கம். ஆய்வுக்கு அதுதான் சாட்சி. மூன்றாம் துளையில் புது முனை போட்ட உற்சாகத்தில் பாறைக்குள் எட்டு மீட்டர் வரை போயிருந்தார். தேவைக்கு மேற்பட்ட மூன்று மீட்டர் கல் ஒரு மூலையில் சும்மா கிடந்தது. அதே சாம்பல் நிறம், அதே கனம். அதை எடுத்து நான்காம் பெட்டியின் மிச்ச இடத்தை நிரப்பினார். கல்லம்மாவின் உதவியாளர் வந்தார், ஐந்து மீட்டர் இருக்கிறதா என்று எண்ணினார், கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று தொட்டாச்சுவுக்கே ஆச்சரியம்.

அதற்கப்புறம் வேலை மடமடவென்று நடந்தது. நான்காம் தூணுக்கு ஒன்பது மீட்டர் குழி இறங்கியது. கம்பிக் கூடு கரையில் தயாராகப் படுத்திருந்தது. திங்கட்கிழமை காங்கிரீட்.

வியாழக்கிழமை தொட்டாச்சுவின் மனைவி அளவு நாடாவோடு கல் பெட்டிக் கொட்டகைக்கு வந்தாள். தூசி படாமல் பெட்டிகளுக்குத் தார்ப்பாய் உறை தைக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து உத்தரவு. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் நீளம், அகலம் எடுத்துக்கொண்டே வந்தாள். நான்காம் பெட்டியில் நின்றாள். குனிந்தாள்.

“ஏங்க, இதுல ஒட்டுப் போட்டிருக்கீங்களா?”

“என்ன ஒட்டு?”

“இதோ பாருங்க. மூணாம் பெட்டியில வெள்ளையும் கறுப்பும் கோடு கோடா லேசா சாய்ஞ்சு படுத்திருக்கு. அஞ்சாம் பெட்டியிலயும் அப்படித்தான். ரெண்டும் ஒரே தானுல கிழிச்ச துணி. இங்க மட்டும் மேல் பாதியில கோடு நட்டுக்குத்தா நிக்குது, கீழ் பாதியில படுத்துக்குது. கோடு சேரவே இல்லையே. இப்படி ஒரு சட்டை தைச்சுக் குடுத்தா என் மூஞ்சியில வீசுவாங்க.”

“போடி, கல்லுக்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம்?” என்று சொன்னார். சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை. அவள் நிமிர்ந்து அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் ஐந்தாம் பெட்டியை அளக்கப் போய்விட்டாள். இருபது வருடக் குடித்தனத்தில் அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தமென்று அவருக்குத் தெரியும்.

ஒட்டுப் போட்டது அவருக்குத் தெரிந்த சங்கதிதான். அவரை உறுத்தியது அதுவல்ல. மேல் பாதி நிஜமாகவே நான்காம் துளையில் எடுத்த கல். மூன்றிலும் ஐந்திலும் படுத்திருக்கிற கோடு, நடுவிலுள்ள நான்கில் மட்டும் ஏன் எழுந்து நிற்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரோட்டுக்காக மலையடியை வெட்டியிருந்த இடத்துக்கு நடந்தார். அந்த ஊரே ஆற்றோரம் படிப்படியாக ஏறும் மேடைகளில்தான் இருந்தது. கீழ்ப் படியில் பந்து விளையாடும் திடல், நடுப் படியில் பஸ் நிலையம், மேல் படியில் வீடுகள். தினமும் அந்த வழியாகப் போய் வருகிறவர்தான். அன்றைக்குத்தான் வெட்டின சுவரை நின்று பார்த்தார். நடுப் படியின் வயிற்றுக்குள் மண்ணோடும் கூழாங்கல்லோடும் கலந்து குண்டுக்கற்கள் கிடந்தன. பானை அளவில் சில, மாட்டுவண்டி அளவில் சில. ஒன்று பஸ் அளவுக்கு இருந்தது. ஒவ்வொன்றிலும் அதே வெள்ளைக் கறுப்புக் கோடுகள். ஆனால் ஒன்றில் நின்றன, ஒன்றில் சாய்ந்தன, ஒன்றில் தலைகீழாக வளைந்தன; துவைக்கப்போட்ட துணிக்குவியல்தான். நிமிர்ந்து எதிரே இருந்த மலையின் பாறைச் சுவரைப் பார்த்தார். அங்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாக் கோடும் ஒரே சாய்வு.

மறுபடி குண்டுக்கற்களைப் பார்த்தார். வேரோடு நிற்கிற பாறையில் கோடு மாறாது. உருண்டு வந்த கல்லில்தான் மாறும். நான்காம் துளையில் அவர் தொட்டது அடிப்பாறை இல்லை. என்றைக்கோ ஆறு உருட்டிக்கொண்டுவந்து மண்ணுக்குள் புதைத்த குண்டுக்கல். அதன் மேல் தூணை நிறுத்தினால், அடுத்த பெருவெள்ளம் அடியில் மண்ணை அரிக்கும்போது கல் புரளும். கல்லோடு தூண். தூணோடு பாலம். பாலத்தின் மேல் யார் யாரோ.

கற்களுக்கு முன்னால் ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் இருபத்திரண்டு வருடப் பெயர் மிஞ்சும். யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள். சொல்ல மாட்டாள் என்பதுதான் தாங்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; சறுக்கின ஆனை அதை மறைக்க ஒட்டுப் போட்டதாக யாரும் சொன்னதில்லை.

அலுவலக அறையில் பாலத்து இன்ஜினியர் இருந்தார். அன்று காலைதான் திரும்பியிருந்த கல்லம்மாவும் இருந்தார். தொட்டாச்சு செருப்பைக் கழற்றாமல், உட்காராமல், சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“நாலாம் துளையில ரெண்டு மீட்டர்தான் போனேன். மிச்சம் மூணு மீட்டர் மூணாம் துளைக் கல்லு. நான்தான் வெச்சேன். அது பாறை இல்ல மேடம். குண்டுக்கல்லு.”

இன்ஜினியர் எழுந்தே விட்டார். “என்னய்யா விளையாடறியா? திங்கட்கிழமை காங்கிரீட்! இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்னு மார் தட்டிக்குவியே, இதுதானா அது? மொதல்ல வெளிய போ!”

“போறேன் சார். அந்தத் துளையை முடிச்சுட்டுப் போறேன். புது முனை வந்திருக்கு. எனக்கு ரெண்டு நாள் குடுங்க.”

கல்லம்மா எழுந்தார். கொட்டகைக்குப் போய் நான்காம் பெட்டியைத் திறந்து, ஒட்டின இடத்தில் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். “அவரே போடட்டும்” என்றார்.

குழிக்கு ஒரு முழம் தள்ளி ரிக் நின்றது. சனிக்கிழமை மதியம் முனை கல்லைத் தொட்டது. தொட்டபோது அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மீட்டர், மூன்று மீட்டர், மூன்றரை. ஒருவேளை பாறைதானோ என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. மூன்று புள்ளி எட்டில் குழாய் சட்டென்று ஒரு சாண் கீழே விழுந்தது. சாம்பல் நிறமாக வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுபோய், பிறகு செம்மண் கலந்து வந்தது. கீழே கூழாங்கல். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காங்கிரீட்டை நிறுத்தச் சொல்லி அவரே போன் செய்தார்.

அதோடு விடவில்லை கல்லம்மா. அடி எங்கே என்று பார்த்துவிட வேண்டும் என்றார். இன்னும் ஒன்பது நாள் ஓடியது. கூழாங்கல், மணல், களிமண், மறுபடி குண்டுக்கல். நாற்பத்தொரு மீட்டரில்தான் அடிப்பாறை கிடைத்தது. ஐந்து மீட்டர் உள்ளே போனார்கள். கோடுகள் பக்கத்துத் துளைகளில் படுத்திருந்த அதே சாய்வில் படுத்திருந்தன.

கல்லம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆற்றங்கரையில் குச்சியால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். “பாருங்க, ஒரு காலத்துல ஆறு இவ்வளவு ஆழத்துல ஓடியிருக்கு. மலை ஏற ஏற அறுத்துக்கிட்டே போயிருக்கு. அப்புறம் காலநிலை மாறிச்சு. மேல இருந்த பனி உருகிச்சு, மழை கொட்டுச்சு, மலைச்சரிவெல்லாம் சரிஞ்சு விழுந்துச்சு. ஆத்தால சுமக்க முடியல. கல்லையும் மண்ணையும் இங்கயே போட்டுட்டுத் தன் பள்ளத்தைத் தானே ரொப்பிக்கிச்சு. மறுபடி மழை குறைஞ்சு நிதானமானதும் தோண்ட ஆரம்பிச்சது. நின்னு நின்னு தோண்டினதுலதான் உங்க ஊரு படியெல்லாம் வந்துச்சு. இன்னும் பாதிதான் தோண்டியிருக்கு.”

“அரைக் கிணறு தாண்டியிருக்குன்னு சொல்லுங்க. என்னை மாதிரியே” என்றார் தொட்டாச்சு.

கல்லம்மா சிரிக்கவில்லை. “இப்ப மறுபடி மழை மாறுது. கொட்டற அன்னிக்கு ஒரேயடியா கொட்டுது. ஆறு சும்மா இருக்காது. ஆனா அது எப்படி நடந்துக்கும்னு தெரிஞ்சா, அதுக்கு ஏத்த மாதிரி கட்டலாம். பள்ளத்துக்கு நடுவுல காலே வைக்க வேண்டாம்.”

அப்படியே ஆயிற்று. நான்காம் தூண் வரைபடத்திலிருந்து போனது. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரே தாவலாக நீண்ட உத்தரம் என்று முடிவானது. பாலம் ஐந்து மாதம் தள்ளிப்போகும். அக்கரைக்காரர்கள் இரண்டு நாள் திட்டினார்கள். காரணத்தைக் கேட்டுவிட்டு மூன்றாம் நாள் நிறுத்தினார்கள். தொட்டாச்சுவை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஆபரேட்டர் நாற்காலி கிடையாது, குழாய் தூக்க வேண்டியது. நாற்பத்தோராவது வயதில் மறுபடி குழாய். தோள் வலித்தது. சாப்பாடு மட்டும் ஒழுங்காக இறங்கியது.

தண்டனைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கும்போது கல்லம்மா பேனாவைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே கேட்டார்: “வேற எங்கயாவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

உடனே வந்துவிட்டது பதில். கல்லம்மா பேனாவை நீட்டினார். தொட்டாச்சு வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டினார்கள். ஆற்றைப் பார்த்த மூலையில் கடைசித் துளை. பாறை தொட்டு ஒன்றரை மீட்டரில் முனை மாட்டிக்கொண்டது. போதும் என்று எழுதிவிட்டார். அன்றைக்கு அது தப்பென்றே தோன்றவில்லை. அதற்கப்புறம் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

“ஒரு இடம் இருக்கு” என்றார்.

ரிக்கை ஏற்றிக்கொண்டு அரைநாள் பயணம். மனைவியும் வந்தாள், “கோடு பார்க்க ஆள் வேணாமா?” என்று அவளாகவே வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி இரண்டு மாடி. ஆற்றைப் பார்த்த மூலையில், கீழ்த்தளத்து ஜன்னல்களில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. இளைய ஆபரேட்டர் ஒருவர் நாற்காலியில் இருந்தார். தொட்டாச்சு குழாய் மாட்டினார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவர் மடியில் ஒரு ஆஸ்பத்திரியே இருந்தது.

இரண்டு நாள் துளைத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பாறை தொட்டது. இரண்டாம் நாள் காலையில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று உருளைகள் வரத் தொடங்கின. மூன்று புள்ளி எட்டு வந்தபோது தொட்டாச்சு குழாயைக் கையால் பிடித்துக்கொண்டார், விழாமல் தடுத்துவிடலாம் என்பதுபோல. அது விழவில்லை. தண்ணீர் சாம்பல் நிறமாகவே வந்தது. அந்த நேரம் பார்த்து, வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் விறுவிறுவென்று நடந்து வந்தார்.

“என்ன இது, ரெண்டு நாளா தடதடன்னு? உள்ள பன்னெண்டு குழந்தைங்க இருக்கு. ஒண்ணுகூடத் தூங்கல. எப்ப நிறுத்துவீங்க?”

“இன்னும் ஒரு மீட்டர்தாம்மா. கோவிச்சுக்காதீங்க, ஒரே ஒரு மீட்டர்.”

நர்ஸ் இடுப்பில் கை வைத்து அங்கேயே நின்றுகொண்டார். ஐந்தாம் மீட்டரின் கடைசி உருளை வந்தது. கல்லம்மா அதை ஈரமாக்கினார். மனைவி, பழைய ஆவணத்தோடு வந்திருந்த பக்கத்துத் துளைக் கல்லை அதன் அருகே வைத்து, துணியைப் பொருத்திப் பார்ப்பதுபோல உருட்டி உருட்டிப் பார்த்தாள். முதல் மீட்டரிலிருந்து ஐந்தாம் மீட்டர் வரை விரலை ஓட்டினாள்.

“ஒரே துணிங்க. எங்கயும் ஒட்டு இல்ல.”

தொட்டாச்சு அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இளைய ஆபரேட்டர் ரிக்கை நிறுத்தினார். சட்டென்று ஆற்றுச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே, ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் அழுகை.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னாச்சு இவருக்கு? முடிஞ்சுதா இல்லையா?”

“முடிஞ்சுதும்மா. உள்ள போய்ச் சொல்லுங்க” என்றார் அவர். “இனிமே எல்லாரும் நல்லா தூங்கட்டும்.”